பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் போனால், அந்தக் காலத்தில் குடியேற வந்தவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் வளாகத்தில் நுழைந்ததும் போனை எடுக்காதீர்கள். அந்த 16 கல்படிகளுக்கு எதிரே பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். 1849 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய நம் முப்பாட்டன்மார் மூட்டையோடு ஏறிய படிகள் அவை. பக்கத்துச் சாலை இரைச்சல் காதிலிருந்து விலகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பொறுங்கள். தகவல் பலகைகளை அப்புறம் படிக்கலாம்.

அப்படியே புனித ஜேம்ஸ் பேராலயத்துக்கும் ஒரு நடை. பிரெஞ்சுக்காரர் காலத்து வெடிமருந்துக் கிடங்கு பின்னாளில் தேவாலயமானது. சுவர் அவ்வளவு கனமாக இருப்பது அதனால்தான். அதில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஆராதனை நடந்தால் பின்வரிசையில் அமைதியாக உட்காருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப்போங்கள். அங்கே நின்றால் அவர்களுக்குப் பழைய கதைகள் தானாக வரும், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.