ட்ரிப் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுகிறதா? பழுதான சாமானைக் கண்டுபிடிக்கும் வழி

மாரி தொடங்கிவிட்டால் வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை கரையோர வீடுகளில் இந்தத் தொல்லை கூடும். ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்து வயர் முனைகளையும் பிளக் பேஸ்களையும் அரித்துவிடுகின்றன.

முதலில் எது விழுந்தது என்று பாருங்கள். டெஸ்ட் பட்டன் உள்ளது ட்ரிப் சுவிட்ச். கரண்ட் எங்கோ ஏர்த்துக்குக் கசிகிறது என்று அது சொல்கிறது. வீட்டுக்குப் போடுவது பொதுவாக 30 மில்லி அம்பியர் கசிவுக்குள் விழும் சுவிட்ச். விழுந்தது சின்ன பிரேக்கர் என்றால், போட்டவுடன் விழுவது ஷோர்ட், சில நிமிடம் கழித்து விழுவது ஓவர்லோட். 2000 வாட் கேத்தல் மட்டுமே ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். அதே லைனில் அயனையும் போட்டால் தாங்காது. அதற்காகப் பெரிய பிரேக்கர் மாற்றாதீர்கள், சுவருக்குள் வயர் எரியும்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது. பிளக் பேஸ் சுவிட்ச் பெரும்பாலும் கரண்ட் வரும் லைவ் வயரை மட்டுமே வெட்டும். கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயர் சாமானின் உடம்பில் பட்டிருந்தால் நிறுத்திய நிலையிலும் ட்ரிப் விழும். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். தண்ணீர் மோட்டரை அதன் தனிச் சுவிட்சிலும் நிறுத்துங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு வயரிங்கில், பெரும்பாலும் வெளி லைட்டிலோ மோட்டர் லைனிலோ இருக்கும். அதற்கு வயரிங் தெரிந்தவர்தான் வரவேண்டும்.

ட்ரிப் சுவிட்ச் விழாமல் இருந்தால், உலர்ந்த தரையில் செருப்போடு நின்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். போட்டபின் சாமானின் உடம்பைத் தொடாதீர்கள். அயனும் கேத்தலும் நன்றாகச் சூடாகும்வரை விடுங்கள். நோ-ஃப்ரொஸ்ட் பிரிட்ஜில் பனி உருக்கும் ஹீட்டர் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் வேலை செய்யும், ஆகவே ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தனித்தனியே எதுவும் விழுத்தாமல், எல்லாம் சேர்ந்தால் விழுகிறதென்றால் சின்னச் சின்னக் கசிவுகள் கூடுகின்றன.

சாமான் பிடிபட்டதும் பிளக்கைக் கழற்றி, சாமானின் சுவிட்சை ஓனில் வைத்து, மல்ட்டிமீற்றரின் பெரிய ஓம் அளவில் லைவ் பின்னுக்கும் ஏர்த் பின்னுக்கும் இடையிலும், பிறகு நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் இடையிலும் பாருங்கள். சில கிலோ ஓம் காட்டினால் கசிவு உறுதி. ஒன்றும் காட்டாவிட்டாலும் நல்லதென்று நம்பவேண்டாம். மெகர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் மீற்றரில் 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும், 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் பாவிக்கக்கூடாது. கேத்தலில் பழுதாவது சூடாக்கும் கொயில்: உவர்க் கிணற்றுத் தண்ணீர் அதன் உறையை அரிக்க, உள்ளிருக்கும் பவுடர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அயனில் வயர் மடியும் கழுத்து. மோட்டரில் தண்ணீர் ஒழுகும் சீல்.

ஏர்த் வயரைக் கழற்றினால் ட்ரிப் விழாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விழாதது உண்மைதான். ஆனால் கசியும் கரண்ட் போக வழியில்லாமல் பிரிட்ஜின் தகட்டிலேயே நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கும் பிள்ளையின் உடம்பு அதற்கு வழியாகும்.

டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அமத்திப் பாருங்கள். விழாத ட்ரிப் சுவிட்சை உடனே மாற்றுங்கள். ஆனால் ஏர்த் இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். நம் கரையோர மணல் காய்ந்தால் ஏர்த் கம்பி பிடிப்பிழக்கும், அதைத் தனியே அளக்கவேண்டும். வெள்ளம் பிளக் பேஸ் மட்டத்துக்கு ஏறிய வீட்டில், வயரிங்கை மெகரில் பார்க்கும்வரை மெயின் சுவிட்சைப் போடவே கூடாது.