கனகாம்பரம் மல்லி இல்லை

கனகாம்பரத்தில் நாம் செய்கிற தவறுகளில் பாதி, அதையும் மல்லி மாதிரி நினைத்துக்கொள்வதால் வருகிறது. மல்லியை மொட்டாகப் பறிக்கிறோம். கட்டித் தலையில் வைத்த பிறகு அது மலர்ந்துகொள்ளும். கனகாம்பரத்தை மொட்டில் பறித்தால் மொட்டாகவே வாடிப்போகும். கதிரில் அடியிலிருந்து மேலாகத்தான் பூ விரியும். விரிந்ததை மட்டும் அதன் மெல்லிய குழலைப் பிடித்து உருவ வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், விடிந்த கையோடு பறித்தால் போதும்.

கட்டுவதிலும் அதே கதைதான். மல்லிக்குப் போடுகிற இறுக்கத்தில் முடிச்சு போட்டால் குழல் அறுந்து இதழ் மடியில் விழும். நான் தையல் நூலில் கட்டிய முதல் முழம் தெருமுனை தாண்டவில்லை. அத்தை வாழைநாரை நனைத்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வார். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, ஒரு சுற்று, மெதுவாக ஓர் இழுப்பு. அவ்வளவுதான். கட்டிய சரத்தின் மேல் தண்ணீர் தெளிக்க விடமாட்டார். இதழ்கள் ஒட்டிக் கசங்கிவிடும். மணம் இல்லாத பூ என்பதால் இடையிடையே மரிக்கொழுந்து.

அப்புறம் செடி. கடலூர் முதுநகர் பக்கம் எங்களுடையது மணல் நிலம், வேர்முடிச்சு நூற்புழுவுக்குக் கொண்டாட்டம். இலை வெளிறினால் எல்லோரும் யூரியா போடுவார்கள். நானும் போட்டேன். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மணி மணியாக முடிச்சு. டெல்லி கனகாம்பரம் என்கிற ரகம் விதை பிடிக்காது, குச்சி வெட்டி நட்டுத்தான் வளர்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் சும்மா கொடுக்கிறார்களே என்று வேர்விட்ட கன்றை மண்ணோடு வாங்கி வந்தேன், புழுவும் கூடவே வந்துவிட்டது. இப்போதெல்லாம் நடும் முன் குழியில் வேப்பம்புண்ணாக்கு, செடிகளுக்கு நடுவே துலுக்க சாமந்தி. அதன் வேர் நூற்புழுவுக்கு ஆகாது.

ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. வேர் அழுகி, நேற்று நன்றாக நின்ற செடி இன்று தலை தொங்கும். மேட்டுப்பாத்தி போடுங்கள்.

பூத்து ஓய்ந்த கதிரை அப்படியே விட்டுவிடுவது இன்னொரு தவறு. காய்ந்த கதிரை நறுக்கினால்தான் புதுக்கிளை விட்டு மறுபடி பூக்கும். நாட்டு ரகமாக இருந்தால் ஒன்றிரண்டை விதைக்கு விட்டுவைக்கலாம். ஆனால் முற்றிய காயில் ஈரம் பட்டால் படீரென வெடித்து விதை சிதறிவிடும், மழைக்கு முன்பே பறித்துவிடுங்கள்.