எம்பெடட் லினக்ஸ் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு போர்டு போதும்

சிங்கப்பூரில் எம்பெடட் லினக்ஸ் (கருவிகளுக்குள்ளேயே ஓடும் லினக்ஸ்) இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் பலர், ரெஸ்யூமேயில் சி, பைத்தான், ராஸ்பெர்ரி பை என்று வரிசையாகப் போட்டுவிட்டு, "பவர் கொடுத்ததிலிருந்து லாகின் வரும்வரை உள்ளே என்ன நடக்கிறது?" என்று நேர்காணலில் கேட்டதும் திணறிவிடுகிறார்கள். இந்தக் கேள்விக்கு நீங்களே கண்ணால் பார்த்ததை வைத்துப் பதில் சொல்லத் தெரிந்தால் பாதி தூரம் தாண்டியாச்சு. அதற்கு நாலைந்து ஆன்லைன் கோர்ஸ் வேண்டாம், ஒரு போர்டும் (சின்னக் கணினிப் பலகை), அதன் செய்திகளை உங்கள் கணினித் திரையில் காட்டும் ஒரு சீரியல் கேபிளும், கொஞ்சம் வார இறுதிகளும் போதும்.

எந்த போர்டு? நான் பீகிள்போன் பிளாக்கைத்தான் சொல்வேன். 2013இல் வந்தது, ரேம் 512 எம்பிதான், வேகமும் குறைவு. ஆனாலும் ராஸ்பெர்ரி பையில் அதன் சொந்த ஃபர்ம்வேரே கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றிவிடுவதால், கெர்னலை ஏற்றும் யூ-பூட் என்ற பூட்லோடர் உங்கள் கண்ணிலேயே படாது. பீகிள்போனில் சிப்புக்குள் இருக்கும் ரோம் கோடு எஸ்பிஎல் என்ற சின்ன முதல்கட்ட லோடரை ஏற்றும், அது யூ-பூட்டை ஏற்றும், அது கெர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் (போர்டில் என்னென்ன ஹார்டுவேர் இருக்கிறது என்ற பட்டியல்) ஏற்றும், கடைசியில் கெர்னல் முதல் புரோகிராமான இனிட்டைத் தொடங்கும். ஒவ்வொரு படியும் திரையில் தெரியும்.

கேபிளுக்கு சிம் லிம் டவருக்குப் போங்கள், ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கினால் பக்கம்தான். பெயரைப் பார்த்து சிம் லிம் ஸ்கொயருக்குள் நுழைந்துவிடாதீர்கள், அங்கே கம்ப்யூட்டர் கடைகள்தான் அதிகம், எலக்ட்ரானிக் பாகங்களுக்கு டவர்தான். யூஎஸ்பி சீரியல் கேபிள், 3.3 வோல்ட் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் 5 வோல்ட்டையோ பழைய ஆர்எஸ்-232 வகை சீரியலையோ மாட்டினால் போர்டு போய்விடலாம். கேபிளின் டிஎக்ஸை (அனுப்பும் முனை) போர்டின் ஆர்எக்ஸிலும் (பெறும் முனை), ஆர்எக்ஸை டிஎக்ஸிலும் மாட்டி, கிரவுண்டைச் சேர்த்து, வேகத்தை 115200 என்று வையுங்கள்.

அடுத்து பில்ட்ரூட், போர்டுக்கான முழு லினக்ஸையும் நீங்களே கட்ட உதவும் கருவி. அதே வேலையைச் செய்யும் பெரிய கருவியான யோக்டோவில் தொடங்க வேண்டாம், அது கம்பெனியில் எப்படியும் வந்து சேரும். பில்ட்ரூட்டில் பீகிள்போனுக்குத் தயாரான கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) இருக்கிறது, அதை எடுத்து பில்ட் செய்தால் எஸ்டி கார்டில் எழுதக்கூடிய இமேஜ் கிடைக்கும். முதல் பில்ட் எல்லாவற்றையும் புதிதாகக் கம்பைல் செய்வதால் நேரம் எடுக்கும், நீங்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம். போர்டில் எஸ்2 பட்டனை அழுத்திக்கொண்டே பவர் கொடுத்தால் எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகும். போர்டு வாங்க இப்போதைக்குக் கையில் காசில்லையா, சரி, கணினிக்குள்ளேயே ஒரு போர்டைப் போல நடிக்கும் க்யூஇஎம்யூ மென்பொருளுக்கும் பில்ட்ரூட்டில் கான்ஃபிக் உண்டு, அதில் தொடங்குங்கள்.

பூட் ஆனதோடு நிறுத்திவிடாதீர்கள், உண்மையான படிப்பு இனிமேல்தான். வேண்டுமென்றே எதையாவது கெடுத்துப் பாருங்கள். யூ-பூட்டில் பூட்ஆர்க்ஸுக்குள் (கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) இருக்கும் ரூட் மதிப்பைத் தவறாக மாற்றிவிட்டு பூட் செய்தால், ரூட் ஃபைல்சிஸ்டம் கிடைக்காமல் கெர்னல் பேனிக் ஆகி நின்றுவிடுவதையோ அதற்காகக் காத்துக்கொண்டே நிற்பதையோ பார்ப்பீர்கள். பிறகு வெப்பநிலையும் காற்றழுத்தமும் அளக்கும் ஒரு பிஎம்பி280 சென்சாரை ஐ2சி-யில் (சிப்புகளை இணைக்கும் இரு கம்பி இணைப்பு) இணைத்து, அதன் டிரைவரை கெர்னல் கான்ஃபிக்கில் இயக்கி, டிவைஸ் ட்ரீயில் அதற்கு ஒரு நோடு (பதிவு) எழுதுங்கள். முகவரி 0x76 அல்லது 0x77. சரியாக எழுதினால் சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் இடம்) வெப்பநிலைக்கு ஒரு ஃபைல் வரும், அதில் இருப்பது மில்லி டிகிரி, அதனால் 31250 என்றால் 31.25 டிகிரி. முகவரியை மாற்றிப் போட்டால் டிரைவர் ப்ரோப் ஆகாது, அதாவது சென்சாரைக் கண்டுபிடிக்காது. சரியாக வந்தபோதும் தவறியபோதும் கிடைத்த இரண்டு லாகையும் (செய்திப் பதிவு) சேமித்து, எந்த வரியில் பிரிகிறது, ஏன் பிரிகிறது என்று உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதி கிட்ஹப்பில் போடுங்கள். ரெஸ்யூமேயில் முதலில் இருக்க வேண்டியது அந்த இணைப்புதான்.

விண்ணப்பிக்கும்போது எஸ்டி இன்ஜினியரிங், டைசன் போன்ற பெரிய பெயர்களோடு நிற்காமல், காக்கி புக்கிட், ஊபி பக்கம் இருக்கும் சிறிய ஹார்டுவேர் நிறுவனங்களையும் பாருங்கள், ஆள் குறைவான இடத்தில் இன்டர்ன் கைக்கும் போர்டு சீக்கிரம் வரும். வெளிநாட்டு மாணவர் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்கள் பாலிடெக்னிக் அல்லது பல்கலைக்கழக இன்டர்ன்ஷிப் அலுவலகத்தில் வேலை செய்வதற்கான பாஸ் விவரத்தைக் கேட்டுவிடுங்கள்.

சேர்ந்தபின் சீனியரிடம் போய் "அண்ணே, பூட் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். லாகில் கடைசியாக வந்த சரியான வரி எது, அதற்கு முன் என்ன மாற்றினீர்கள், எதை முயன்று பார்த்தீர்கள் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் அவரும் நின்று பதில் சொல்வார். யோக்டோ பில்ட் என்றால் முதல் நாளே எஸ்ஸ்டேட் கேஷ் (ஏற்கெனவே கம்பைல் ஆனவற்றின் சேமிப்பு) எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்புறம், கம்பெனி கோடை உங்கள் கிட்ஹப்பில் போடவே கூடாது. வெளியே காட்ட ஏதாவது வேண்டும் என்றால், வேலையில் கெர்னல் டிரைவரில் கண்டுபிடித்த சின்னப் பிழையின் திருத்தத்தை லினக்ஸ் கெர்னல் திட்டத்துக்கே அனுப்பலாமா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் கோடின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு, அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் காட்டுகிற ஆட்களுக்கு கிட் சென்ட்-ஈமெயில் வழியாக, எச்டிஎம்எல் இல்லாத வெறும் டெக்ஸ்ட்டாக அனுப்புங்கள்.