கிளோவர் வயலில் வயிறு உப்பிய கிடாரி

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இறைச்சிக்காக போன்ஸ்மாரா மாடுகள் வளர்க்கிறோம். இங்கே ஜூலை குளிர்காலம்; மலைப்புல் காய்ந்துவிடும். தண்ணீர் பாய்ச்சி வளர்த்த ரைகிராஸ் என்ற தீவனப் புல்லும் கிளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடியும் உள்ள வயல்தான் கதி. போன குளிர்காலம் ஒருநாள் விடியற்காலையில் மாடுகளைப் பசியோடு உள்ளே விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கிடாரிக்கு இடது பக்க விலாப்பள்ளம் மேடாகிவிட்டது; விரலால் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம். பதறிப்போனேன். அண்ணன் தலையை அதிகம் தூக்காமல் பிடிக்க, கால் லிட்டர் சமையல் எண்ணெயை மெதுவாக வாயில் ஊற்றி நடக்கவிட்டோம். ஏப்பம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இளம் கிளோவர் வயிற்றில் நுரை கட்டும். வாயு அதில் சிக்கிக்கொள்ளும். எண்ணெய் அந்த நுரையை உடைக்கும். இப்போதெல்லாம் முதலில் வயிறு நிறைய உலர்புல், அப்புறம் பனி காய்ந்தபின்தான் வயல். இந்தக் குளிர்காலத்தில் ஒரு மாட்டுக்கும் உப்பவில்லை.