துறையின் வகுப்புக் குழுவில் மாணவப் பிரதிநிதியாகச் செயல்படும் முறை

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் இளநிலைப் பொறியியல் மாணவர்கள் தம் படிப்பைப் பற்றி ஆசிரியர்களோடு முறைப்படி அமர்ந்து பேசுவதற்கான முதன்மையான இடம் வகுப்புக் குழுவாகும். அவ்வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் மாணவப் பிரதிநிதிகளும் இதன் உறுப்பினர்கள். அவ்வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவரே தலைவராக இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. எந்த ஆசிரியரின் பாடத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறதோ அவரே கூட்டத்தை நடத்துவதில்லை என்பதால், தலைவரை நோக்கியே பேசும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைக்கொள்வது நல்லது.

செமஸ்டர் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் முதல் கூட்டம் நடைபெற வேண்டும். அகமதிப்பீட்டின் (இன்டர்னல்) தன்மையும் ஒவ்வொரு தேர்வுக்கும் உரிய மதிப்பெண் பங்கும் அதில் அறிவிக்கப்படும். வெறும் சடங்கு என்று பலர் கருதும் இக்கூட்டத்தில் சொல்லப்படுவதை அப்படியே எழுதிவைத்து அன்றே வகுப்புக்குத் தெரிவித்துவிட வேண்டும். பின்னாளில் இன்டர்னல் மதிப்பெண் குறித்து ஐயம் எழுந்தால் அக்குறிப்பே துணை நிற்கும்.

அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று கூட்டங்களுக்குத்தான் உண்மையான உழைப்பு தேவை. வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்டால் வழக்கமாகப் பேசுகிறவர்களே பேசுவார்கள். ஆகவே விடுதி மாணவர்கள், தொலைவிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள், தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் ஆகியோரைத் தனித்தனியே கேட்க வேண்டும். திரட்டிய குறைகளைச் சரிபார்க்கத்தக்க செய்திகளாக மாற்றுவது அடுத்த வேலை. "லேப் சரியில்லை" என்றால் "பார்க்கலாம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். இத்தனை பேருக்கு இத்தனை அலைக்காட்டிகளே (ஆசிலாஸ்கோப்) இயங்குகின்றன, அதனால் இன்ன சோதனையை இரண்டாம் பிரிவினர் முடிக்கவில்லை என்று சொன்னால் எவரேனும் பொறுப்பேற்றுப் பதில் சொல்லியாக வேண்டும்.

கற்பித்தலைப் பற்றிப் பேசும்போது ஆசிரியரை விட்டுவிட்டுப் பாடத்தைப் பேசுவது சிறந்தது. "மூன்றாம் அலகு வேகமாக நடத்தப்பட்டது, கணக்குகளுக்கு இரண்டு வகுப்புகள் கூடுதலாக வேண்டும்" என்பது எவரையும் புண்படுத்தாது. மதிப்பெண்ணில் கைவைத்துவிடுவார்களோ என்ற அச்சம் பிரதிநிதிகளுக்கு இருப்பது இயல்பே. எல்லாப் பிரதிநிதிகளும் முன்பே கூடிப் பேசி, வகுப்பின் கருத்தாகவே எதையும் முன்வைத்தால் சுமை ஒருவர் தலையில் விழாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கூட்டக் குறிப்பு. கூட்டம் முடிந்த இரண்டு நாட்களுக்குள் தலைவர் அதைக் கல்லூரி முதல்வரிடம் அளிக்க வேண்டும். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுற்றுக்கு விட வேண்டும். அது கைக்கு வரவில்லையெனில் பணிவாக எழுத்துமூலம் கேட்கலாம். வந்தபின், பேசியவை விடுபடாமல் பதிவாகியுள்ளனவா என்று பார்த்து, நிறைவேறாதவற்றை அடுத்த கூட்டத்தில் முதலில் எடுக்கும்படி கோர வேண்டும்.

இக்குழுவுக்குக் கொண்டுவரக் கூடாதவையும் உண்டு. இணைப்புக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டத்தை வகுப்பது பல்கலைக்கழகமே என்பதால் அதை மாற்றக் கோரி நேரத்தைச் செலவிடுவது வீண். பாலியல் தொல்லை குறித்த புகார் உள்ளகப் புகார்க் குழுவுக்கே செல்ல வேண்டும்; பலர் முன்னிலையில் அதைப் பேசுவது பாதிக்கப்பட்டவருக்குக் கேடாகும். கட்டணம், சான்றிதழ் போன்றவற்றைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த மாணவர் குறைதீர் குழுவிடம் அளிக்கலாம். கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் அக்குழு தன் அறிக்கையை அளித்து, அதன் நகலைப் புகார் செய்த மாணவருக்கும் அனுப்ப வேண்டும்.