சிங்கப்பூரில் வேலையில் அடிபட்டால்: நெல்லைப் பக்கத்திலிருந்து போகும் தம்பிகளுக்கு

கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே நம் பக்கத்துக்கும் சிங்கப்பூருக்கும் போக்குவரத்து உண்டு. இப்போது சுரண்டை, வள்ளியூர், களக்காடு என்று எல்லா ஊரிலிருந்தும் ஒர்க் பெர்மிட்டில் பையன்கள் போகிறார்கள். ஏஜென்ட் கமிஷன், பேசிக் சம்பளம், ஓவர்டைம் என்கிற ஓடி எல்லாம் விமானம் ஏறுமுன்பே பேசி முடித்துவிடுகிறோம். கையோ காலோ போனால் என்ன கிடைக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "போகும்போதே என்ன பேச்சுல இது" என்று வீட்டில் அதட்டு விழும்.

அங்கே இதற்கென்றே வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 2019-இல் இயற்றப்பட்டு, 2020 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. சைட்டில் பேசும்போது 'விக்கா' என்பார்கள். இதன் பெரிய வசதி, யார் தப்பு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் கவனக்குறைவே என்றாலும் வேலையால் வந்த காயம் என்றால் போதும். குடித்துவிட்டு வேலை பார்த்து அடிபட்டால் கதை வேறு. பஸ், ரயிலில் நீங்களாக வேலைக்குப் போகிற வழியில் நடக்கும் விபத்து பொதுவாக இதில் சேராது. கம்பெனி ஏற்றிப்போகும் லாரியில் போகும்போது நடந்தால் சேரும்.

கிடைப்பது மூன்று வகை. எம்சியில், அதாவது டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பில், இருக்கும் நாட்களுக்குச் சம்பளம்: வெளிநோயாளி என்றால் முதல் 14 நாள், ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் முதல் 60 நாள் முழுதாக; அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஓராண்டு வரை. லைட் டியூட்டி (இலகுவான வேலை) போட்டாலும் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. அடுத்தது மருத்துவச் செலவு: 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை. கடைசியாக, நிரந்தரக் குறைபாடு ஏற்பட்டால் மொத்தத் தொகை. உயிரே போய்விட்டால் ஊரிலிருக்கும் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று அவரை நம்பி இருந்தவர்களுக்கு 91,000-லிருந்து 269,000 வெள்ளி வரை உண்டு.

சட்டம் இப்படி இருந்தும் நம் பையன்கள் பணத்தைக் கோட்டை விடுவது கிளினிக் வாசலில்தான். சூப்பர்வைசர் பல நேரம் நம்ம ஊர்க்காரராகவே இருப்பார். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவராக இருக்கலாம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்வார்: "ஏலே, சைட்டுல அடிபட்டுச்சுன்னு சொல்லாத. ரூம் பாத்ரூம்ல வழுக்கிட்டுன்னு சொல்லு. கம்பெனிக்குப் பேர் கெட்டுரும்லா." சோறு போட்ட மனுஷனாயிற்றே என்று "சரி அண்ணாச்சி" என்போம். டாக்டர் அதை அப்படியே எழுதிவிடுவார். பிறகு இன்சூரன்ஸ்காரர் தேடிப்பிடித்துப் படிப்பது அந்த ஒரு வரியைத்தான்.

மரியாதை வேண்டியதுதான், ஆனால் டாக்டரிடம் அல்ல. பணம் அண்ணாச்சியின் பாக்கெட்டிலிருந்து போவதில்லை. உடலுழைப்பு வேலை செய்யும் எல்லாருக்கும், சம்பளம் எவ்வளவு என்றாலும், முதலாளி இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாள் எம்சி கொடுத்தாலும் அந்தக் காயத்தை மனிதவள அமைச்சுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. அவர் செய்யாவிட்டால் நீங்களே அமைச்சிடம் போகலாம். அதனால் எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மெஷினில் என்று உள்ளதை உள்ளபடி டாக்டரிடம் சொல்லுங்கள். கம்பெனி கிளினிக்கில் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிட்டால், வலி குறையாதபோது அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். விழுந்த இடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், பார்த்தவர்களின் பெயரும் போன் நம்பரும் குறித்துக்கொள்ளுங்கள். எம்சி, பில் எல்லாவற்றையும் ஊரில் தங்கச்சி வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டால் போன் தொலைந்தாலும் கவலையில்லை.

அப்புறம் சம்பளச் சீட்டு. இழப்பீட்டுக் கணக்கு, விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரிச் சம்பளத்தை வைத்துத்தான். அதில் ஓடியும் சேரும். 30 வயதுப் பையனுக்கு டாக்டர் 10 சதவீதக் குறைபாடு என்று போட்டால், சராசரிச் சம்பளத்தை 181-ஆல் பெருக்கி அதில் 10 சதவீதம். பேசிக் 600 வெள்ளி மட்டும் கணக்கில் வந்தால் 10,860 ஆகிறது. குறைந்தபட்ச வரம்பு இருப்பதால் 11,600 கிடைக்கும். ஓடியோடு சேர்த்து 1,000 வெள்ளி என்று காட்ட முடிந்தால் 18,100. மாதாமாதம் சீட்டைத் தூக்கி எறிபவர்கள் இந்த வித்தியாசத்தை ரூபாயில் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு பேச்சு வரும்: "டிக்கெட் போட்டுத் தாரேன், ஊர்ல போய் ரெஸ்ட் எடு, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில பார்த்துக்கிடலாம்." பாளையங்கோட்டையில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், அதைச் சொல்லவில்லை. ஆனால் குறைபாடு எத்தனை சதவீதம் என்ற மதிப்பீடு முடியும்முன் கிளம்பினால் வழக்கை விரட்டுவது பெரும்பாடு. வேலை போனாலும், பெர்மிட் ரத்தானாலும் இழப்பீட்டு உரிமை போகாது. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை போட்டுவிட வேண்டும். வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போகும் வழியும் உண்டு, அதில் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் முதலாளியின் தப்பை நிரூபிக்க வேண்டும். இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. பெரிய காயம் என்றால் மட்டும் யோசியுங்கள். வலிய வந்து "நான் பார்த்துக்கிறேன்" என்று கமிஷன் பேசுகிறவனிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று; தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேட்கலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவி எண் 6536 2692, எந்த நேரமும் அடிக்கலாம். வழக்கு இழுத்துச் சாப்பாட்டுக்கே சிரமம் என்றால் லிட்டில் இந்தியாவில் டிடபிள்யூசி2 என்ற வெளிநாட்டு ஊழியர் உதவி அமைப்பு இலவசச் சாப்பாடு போடுகிறது. வழக்குப் பேப்பர்களை எடுத்துப் போனால் அவர்களே பார்த்து வழி சொல்வார்கள்.