காரைக்குடியிலிருந்து உலக எய்ட்ஸ் மாநாடு வரை: எங்கே தொடங்குவது?

முதலில் உங்கள் கல்லூரியில் செஞ்சுருள் சங்கம் (எச்.ஐ.வி. பற்றி விழிப்புணர்வு தரும் மாணவர் அமைப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் சேர்ந்துவிடுங்கள். உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று பேரணி போவதோடு நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் காரைக்குடியில் ஒரு பழைய முறுக்கு டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, பெயர் எழுதாமல் கேள்வி போடச் சொன்னோம், "கொசு கடித்தால் வருமா?", "ஒரே தட்டில் சாப்பிட்டால்?" என்று சுண்டைக்காய் அளவுக்கு மடித்த சீட்டுகள் வந்து விழுந்தன. இரண்டுக்கும் பதில், வராது. விடை தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்கு அழையுங்கள், இலவசம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் இருக்கிறது. யார் வந்தார்கள், முடிவு என்ன என்பதை மட்டும் வெளியே சொல்லவே கூடாது, 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டமும் அதைத்தான் சொல்கிறது, நம் ஊரில் ஒருவர் வாய் திறந்தால் தெருவே பேசும், அப்புறம் அந்தப் பிள்ளை மாத்திரை வாங்கவே வராமல் போய்விடும்.

சரி, செய்ததையெல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள். சர்வதேச எய்ட்ஸ் மாநாடு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது; இளைஞர்களுக்கென்று தனி நிகழ்ச்சிகளும், போய்வர உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பத்தில் "சமூக சேவை செய்தேன்" என்று பொதுவாக எழுதாமல், அந்த டப்பாவில் விழுந்த கேள்விகளையே எழுதுங்கள்.